வாத்துக்கு வந்த நடை

எக்கோ பார்க்,
6 அக்டோபர் 1947

அன்புள்ள ஆர்வில்,

நலமா என்று கேட்கப்போவதில்லை. தினமும் காலையில் நம் கார்ட்டூன் படக்கூடத்தின் வாசலில் வேலைநிறுத்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். நீ காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போகிறாய். சவரம் செய்திருக்கிறாயா, முந்தின நாள் சட்டையையே மாட்டிக்கொண்டாயா என்பதுவரை எனக்குத் தெரிந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை அதே சட்டை. "புருஷனும் பொண்டாட்டியும் தினம் ஒரே வாசல்ல பாத்துக்கிட்டு, தபால்ல பேசிக்கிறீங்க. உங்களை வச்சே ஒரு கார்ட்டூன் எடுக்கலாம்டி" என்கிறாள் மர்ட்டில். அவள் வீட்டு சோபாவில்தான் இன்னமும் படுக்கிறேன். முதுகு என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது.

ஒரு நல்ல செய்தி. சனிக்கிழமை, நீங்கள் வரைவதற்கு மை தீட்டும் பெண்கள் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சினிமாவுக்குப் போனோம். பெரிய படத்துக்கு முன்னால் நம் கார்ட்டூன் முயல் வந்தான். வேலை செய்த மாதங்களில் தாள் தாளாகப் பார்த்துச் சலித்த படம்தான். கூட்டத்தோடு உட்கார்ந்து பார்த்தது இதுவே முதல் தடவை.

என்ன படம் செய்திருக்கிறோம், ஆர்வில். துப்பாக்கியோடு அந்தக் குடியானவன் துரத்திக்கொண்டு வருகிறான். தன் தோட்டத்து வாசலில் என்றுமில்லாமல் ஒரு சீட்டுக் கொடுக்கும் கூண்டு, உள்ளே தொப்பி போட்ட முயல். முயல் ஒன்றும் பேசவில்லை, ஒற்றை விரலால் 'வரிசையில் நில்' என்று காட்டுகிறான். அவனும் நிற்கிறான். முன்னால் ஒருவரும் இல்லாத வரிசை. சொந்தத் தோட்டத்துக்குள் போகச் சீட்டு வாங்க, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவ்வளவு ஒழுங்காக நிற்கிறான். முயல் 'சாப்பாட்டு வேளை' என்று பலகையை மாட்டிவிட்டுப் பின்பக்கமாகப் போய் அவன் காய்கறியையே சாப்பிட்டுவிட்டு வருகிறான். கடைசியில் குடியானவனே கூண்டுக்குள் மாட்டிக்கொண்டு, ஊரில் உள்ள முயல்களுக்கெல்லாம் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறானே, முகத்தில் எத்தனை சந்தோஷம். எனக்குப் பின்னால் ஒரு கிழவர் மூச்சு முட்டும்வரை சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். அது வேறு விஷயம்.

முயல் நடந்துவரும்போது மர்ட்டில் என் விலாவில் குத்தினாள். "கழுத்து முதல்ல போவுது, ஆளு பின்னால வருது. அது நீதானேடி." ஆமாம், நான்தான். வரையும் உருவத்துக்கு ஒரு நடை வேண்டுமென்றால் தெரிந்தவர் நடையை எடுத்துக்கொள்வது உங்கள் வழக்கம். நீ என்னிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டாய். கல்யாணப் பரிசைவிட அதுதான் எனக்குப் பெரிது.

மாதக் கடைசிக்குள் வேலைக்குத் திரும்பாதவர்களின் இடத்துக்கு வேறு ஆள் எடுப்பார்களாம். வரைகிறவர்கள் எல்லோரும் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீ வேலைநிறுத்தத்தில் இறங்கினால் அவர்களும் இறங்குவார்கள், முதலாளி கிரான்டல் வழிக்கு வந்தே தீரவேண்டும். சங்கத்தில் சேர்ந்ததற்காகத்தான் எங்களோடு மை தீட்டிய ரூத்தை வெளியே தள்ளினார் என்று உனக்கும் தெரியும். நீ வெளியே வரும் அன்றே நான் வீட்டுக்கு வருகிறேன்.

உன்,
ஹேசல்

க்ளென்டேல்,
9 அக்டோபர் 1947

அன்புள்ள ஹேசல்,

சட்டை வேறு சட்டை. நிறம் ஒன்று, அவ்வளவுதான்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் மர்ட்டிலிடம் சொல்லிச் சிரிப்பாய். கிழவர் எந்த இடத்தில் சிரிக்க ஆரம்பித்தார் என்று எழுதவில்லையே. வரிசையில் நின்ற உடனேயா, முன்னால் ஆள் இல்லை என்று அவன் எட்டிப் பார்க்கும்போதா? அந்த எட்டிப் பார்ப்பதற்காக நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். நம் கல்யாணத்தில் பாதிரியாரிடம் 'கொஞ்சம் சீக்கிரம் கேளுங்க, சரின்னு சொல்ற இடம் ஆறிப்போகுது' என்று சொன்னவன் நான். என் கோளாறு அது.

நீயாகத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அடுத்த முயல் படத்துக்கு என்னையே இயக்குநராகப் போட்டிருக்கிறார் கிரான்டல். கதை அவருடையது. ஒரு பண்ணையின் வாசலில் வாத்துகள் அட்டை பிடித்துக்கொண்டு கத்துகின்றன. முயல் அவற்றை ஏமாற்றி ஒவ்வொன்றாகக் குளத்தில் தள்ளுகிறான். வெறும் வாத்துகள்தான். குழந்தைகள் பார்க்கிற படம். பத்து வருஷமாக இந்த இடத்துக்காகக் காத்திருந்தேன். இப்போது எழுந்துபோனால் இனி எவன் என்னை நம்பி ஒரு படம் தருவான்?

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. கோபப்பட வேண்டாம்.

உன்,
ஆர்வில்

எக்கோ பார்க்,
11 அக்டோபர் 1947

ஆர்வில்,

வெறும் வாத்துகளா. அட்டை பிடித்த வாத்துகள். இந்த ஊரில் இன்றைக்கு அட்டை பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று எந்தக் குழந்தைக்குத் தெரியாது?

உனக்கு முயலைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது. வரைந்தவன் நீ. அவன் எப்போதாவது தன்னைவிடச் சின்னவனிடம் வேலையைக் காட்டியிருக்கிறானா? துப்பாக்கி வைத்திருந்தவனிடம்தானே காட்டினான். அந்தக் கிழவர் அதற்குத்தான் சிரித்தார். நீ கேட்டாயே, சொல்கிறேன்: முயல் விரலைக் காட்டிய உடனேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கைகளைப் பார்த்தேன், ஆலையில் உழைத்த கைகள். ஆயுள் முழுக்க யாரோ விரலைக் காட்டி வரிசையில் நிற்க வைத்த மனுஷன். முயலைக் கிரான்டலின் வாசலில் காவலுக்கு நிறுத்தினால் அவன் முயல் இல்லை, நீளக் காது வைத்த போலீஸ்காரன்.

ஒன்று கேட்கிறேன். அந்த வாத்துக்கு யாருடைய நடை?

ஹேசல்

க்ளென்டேல்,
14 அக்டோபர் 1947

அன்புள்ள ஹேசல்,

கேட்டிருக்க வேண்டாம். நீ அப்படி நினைத்தாயே என்பதே எனக்கு வலிக்கிறது.

உன் நடையை அந்த வாத்துக்குக் கொடுக்கமாட்டேன். இது சத்தியம். நடைகளை என்னோடு வரையும் க்ளைட் பார்த்துக்கொள்கிறான். அவன் தன் மாமியார் நடையை எடுத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னான்.

காலையில் நீ இருமிக்கொண்டிருந்தாய். வண்டியை நிறுத்தலாம் என்று கால் போனது. பின்னால் கிரான்டலின் கார் ஒலி எழுப்பியது. இந்த ஒரு படம் முடியட்டும், கிரான்டலிடம் ரூத்துக்காக நானே பேசுகிறேன். இயக்குநர் சொன்னால் கேட்பார்.

என்றும் உன்,
ஆர்வில்

எக்கோ பார்க்,
24 அக்டோபர் 1947

ஆர்வில்,

உள்ளே பியானோ வாசிக்கும் டொரத்தியா எங்கள் பக்கம்தான். நேற்று மர்ட்டில் வீட்டுக்கு வந்து சொன்னாள். பென்சில் படங்களை ஓட்டிப் பார்த்தீர்களாம். முதலில் வரும் வாத்துக்குக் கழுத்து முன்னால் போகிறதாம், உடம்பு பின்னால் வருகிறதாம், வலது குதிகால் லேசாக இழுக்கிறதாம். அறையே சிரித்ததாம். யாரோ ஒருவர் என் பெயரைச் சொல்லிக் கத்தினாராம். அதற்கப்புறம் இன்னும் பெரிய சிரிப்பாம்.

டொரத்தியாவால் என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

இன்று காலை வாசலில் நடக்கக் கூச்சமாக இருந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன். 'என்னடி ஆச்சு, நட' என்றார்கள். என் கால்களை எனக்கே பிடிக்காமல் செய்துவிட்டாய். சத்தியம் என்று எழுதினாயே.

ஹேசல்

க்ளென்டேல்,
25 அக்டோபர் 1947

என் ஹேசல்,

நான் வரையவில்லை. க்ளைட் வரைந்தான். தினமும் காரில் வரும்போது உன்னைப் பார்த்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறான். விளக்கை அணைத்து ஓட்டும்வரை எனக்குத் தெரியாது. இதை நீ நம்பவேண்டும்.

இன்னொன்றும் எழுதாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆகிவிடுவேன். நானும் சிரித்தேன். வாத்து வந்தது, கழுத்து நீண்டது, என் வயிற்றிலிருந்து சிரிப்பு வந்துவிட்டது. அது யார் என்று மூளைக்கு எட்டுவதற்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன். நன்றாக இருந்தது, ஹேசல். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சரியில்லாமல் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே க்ளைட்டின் சட்டையைப் பிடித்திருப்பேன்.

வீட்டில் உட்கார முடியவில்லை. ஒரு வரி எழுது.

ஆர்வில்

எக்கோ பார்க்,
27 அக்டோபர் 1947

ஆர்வில்,

நம்புகிறேன். க்ளைட்டுக்கு அந்த அளவுக்குக் கண் உண்டு.

சிரித்ததற்காக உன்னைக் குறை சொல்லமாட்டேன். தெரிந்து சிரிக்கிறவனைத்தான் எனக்குப் பிடிக்காது. தெரியாமல் சிரித்துவிடுகிறவனைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். என் அப்பா நாற்காலி உடைந்து விழுந்த அன்றைக்கும் வீட்டில் முதலில் சிரித்தது நீதான். முதலில் ஓடிப்போய்த் தூக்கியதும் நீதான். அதனால்தான் உனக்குச் சரி என்றேன்.

இந்த வாரத்தோடு கெடு முடிகிறது. இன்னும் என் மனசு உன் பக்கம்தான் சாய்கிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உன் அட்டையை நானே எழுதி மர்ட்டில் வீட்டுச் சுவரோரம் வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று எழுது. சிரித்து முடித்த பிறகு என்ன செய்தாய்?

ஹேசல்

க்ளென்டேல்,
29 அக்டோபர் 1947

ஹேசல்,

நீ கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.

விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கிரான்டல் என் பக்கம் திரும்பி, "என்னப்பா ஆர்வில், உன் படம், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறே" என்றார். எழுந்து வெளியே போகத்தான் நாற்காலியைப் பிடித்தேன். வாயில் வந்தது வேறு. "விழறது கொஞ்சம் லேட் சார்" என்றேன்.

வாத்து தன் அட்டையிலேயே காலை வைத்து வழுக்குகிறது. க்ளைட் அந்த இடத்தில் தேவைக்கு மேல் காத்திருந்துவிட்டான். கழுத்து போய்விட்டது, உடம்புக்குச் செய்தி இன்னும் வரவில்லை, அந்த இடைவெளி அவனுக்குப் பிடிபடவில்லை. அவன் உன்னைக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்தவன். எனக்குத் தெரியும், உன் கழுத்து எந்த இடத்தில் நிற்கும், தோள் எப்போது கிளம்பும் என்று. அவனிடம் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. தாளை வாங்கி நானே வரைந்தேன். அன்று சாயங்காலம் வரை வரைந்தேன். மறுநாள் ஓட்டியபோது முந்தின நாளைவிடப் பெரிய சிரிப்பு.

அதுதான் செய்தேன். ஓடிப்போய்த் தூக்கவில்லை.

பிந்தி விழும் ஒரு சிரிப்பை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோக என்னால் முடியவில்லை. உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும். வேறு யாருக்கும் புரியாது. உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

ஆர்வில்

எக்கோ பார்க்,
3 நவம்பர் 1947

அன்புள்ள ஆர்வில்,

புரிகிறது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமையோடு எங்கள் இடங்களுக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். ரூத்தும் நானும் சான் பிரான்சிஸ்கோவில் வாழ்த்து அட்டை அச்சடிக்கும் கடை ஒன்றில் சேர்கிறோம். அங்கே குளிர் அதிகமாம். என் பழுப்புக் கோட்டு அலமாரியின் வலப்பக்கம் தொங்கும். மர்ட்டிலின் அண்ணன் சனிக்கிழமை வருவான், கொடுத்துவிடு. மற்றது எதுவும் வேண்டாம்.

கடைசிக் கடிதத்தில் நீ பொய் கலக்கவில்லை. அதற்காக உன்மேல் எனக்கு மரியாதை உண்டு. கோபமும் உண்டு. இரண்டும் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது.

வாத்துப் படம் வெளிவந்தால் போய்ப் பார்ப்பேன். அது விழும் இடத்தில் சிரித்தாலும் சிரிப்பேன். நீ வரைந்ததைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. படம் முடிந்ததும் எழுந்து என் அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன்.

ஹேசல்