கவிழ்த்து வைத்த தட்டு

14-8-1958, வியாழன். செம்பவாங், சிங்கப்பூர்.

வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளச் சொல்லி இங்கே விட்டுவிட்டுப் போகும் நாய்கள் திருட்டுப் போகாமலிருக்கத்தான் முதலாளி ராஜாவை வாங்கினார். ராஜாவும் நாய்தான். வேற்றாள் கறியை நீட்டினாலும் தொடமாட்டான். தகரத் தட்டை மூன்று முறை தட்டினால்தான் தின்பான். அப்படிப் பழக்கியது இங்கே என்னோடு வேலை பார்த்த மாரியப்பண்ணன். வேறு யாருக்கும் அது தெரியாது, என்னைத் தவிர.

இன்று காலை கடைசிக் கூண்டிலிருந்த குட்டியைக் காணவில்லை. பூட்டு பூட்டியபடி இருந்தது. இரவு முழுக்க ராஜா ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை.

"நீதான் லா அவனுக்குச் சோறு வைக்கிற. வேற யாருக்கு அடங்குவான்?" என்றார் முதலாளி. நாளைக்குப் போலீசில் சொல்வாராம். சொல்லட்டும்! யாரைப் பிடிப்பார்கள்?

அவர் கத்தும்போது நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நான் கழுவுவதே இல்லை. ராஜா நக்கியதோடு சரி. இன்று அது கழுவி, செங்கல்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அண்ணன்தான் அப்படி வைப்பார். போன மாதம் அவர் குழியில் நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

தட்டை எடுத்துவந்து என் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். வெளியே ராஜா எழுந்து வாலால் கதவை அடிக்கிறான்.

கட்டிலுக்கடியில் தகரம் ஒலிக்கிறது. ஒரு முறை. இப்போது இரண்டாவது