கதவு வரை தள்ளலாம்

நவம்பர் 4, செவ்வாய்

இல்லை, ஸ்ட்ரோலரை (குழந்தையைத் தள்ளும் மடக்கு வண்டி) உள்ளே கொண்டுபோக முடியாது. மடித்தாலும். விமானத்தின் கதவு வரை தள்ளலாம், அங்கே வாங்கிக்கொள்வார்கள். இறங்கும்போது கதவில் திருப்பித் தரமாட்டார்கள். பெட்டிகள் வரும் பெல்ட்டுக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். இதுவும் குழந்தை இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால். அதற்கு மேல் ஸ்ட்ரோலரும் ஒரு பெட்டி. கவுண்டரிலேயே போய்விடும்.

என் ஜோயலுக்கு மூன்றரை.

மழை. இரும்புலியூரில் தெருவிளக்கு பகலிலும் எரிகிறது. கொடியில் போட்ட துணி நேற்றைவிட ஈரம்.

விதிகளை மறுபடி படித்தேன். இரண்டு வயதில் மனிதன் நடக்கத் தொடங்கிவிடுகிறான் என்பது விமான நிறுவனத்தின் விசுவாசம். எங்கள் சர்ச்சின் விசுவாசமும் அதுவே.

கிறிஸ்துமஸுக்கு எடுத்துப்போக: சாம்பார்ப் பொடி. ஜோ.வுக்கு ஸ்வெட்டர் (விமானத்துக்குள் குளிருமாம்). பிரகாஷின் கண்ணாடி, குரோம்பேட்டைக் கடையில். முறுக்கு வேண்டாம், நொறுங்கும்.

மாலையில் பிரகாஷ் மஸ்கட்டிலிருந்து பேசினான். ஜோ.வின் அப்பா, போன வருடம் வேலைக்குப் போனவன். "வெளிய வர்ற எடத்துல ஃபோன வெச்சு வீடியோ எடுத்துட்டே நிப்பேன். நீ அவன எறக்கி விட்டுடு. எங்கிட்ட ஓடி வரட்டும்."

"இங்க மழை நிக்கவே இல்ல" என்றேன்.


நவம்பர் 6, வியாழன்

குரோம்பேட்டை. ஜோ.வுக்குப் பயிற்சி. பந்தின்மேல் குப்புறப் படுக்க வைத்து உருட்டுகிறார்கள். அவனுக்கு அது விளையாட்டு.

பயிற்சி தரும் பெண் கேட்டாள்: "அந்தச் சேர்ல உக்கார வைக்கிறீங்களா?"

"வைக்கிறேன்."

வைக்கவில்லை. அவள் சொல்லித்தான் வாங்கினேன். பெரிய சக்கரம், நெஞ்சுக்குப் பட்டை, தலைக்குத் தாங்கி. வந்த பெட்டியோடு பரண்மேல் இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது ஸ்ட்ரோலர் இல்லை.

ஆகஸ்டில் டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். அறிவு, பேச்சு எல்லாம் நன்றாக இருக்கும், கால்கள் மட்டும் அப்படி இல்லை. ஆங்கிலத்திலேயே மஸ்கட்டுக்கு, பி.க்கு அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அதன் பிறகு வெயில், வாடகை, சம்பள நாள் பற்றிப் பேசியிருக்கிறோம். தமிழில் இன்னும் யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பும்போது ஆட்டோ. வாசலில் நான் ஜோ.வை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்க, டிரைவர்: "இன்னா தொர, அம்மா இடுப்பு இன்னா கவர்மெண்ட் பஸ்ஸா? எறங்கி நட நைனா."

ஜோ. சிரித்தான். "டிக்கெட் வாங்கிட்டேன்" என்றான்.

"பார்றா. வாய்க்கு மட்டும் வயசு ஏறிகினு கீது."

அவர் போன பிறகும் ஜோ. சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு முதுகு வலி. கண்ணாடி வாங்க மறந்தேன்.


நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனைக்கு அரை மணி முன்னால் போய்விடுவது வழக்கம். ஆட்கள் வருவதற்குள் அவனைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்துவிடலாம். முடிந்ததும் கடைசியில் எழுவது. இப்படி ஒரு வருடமாக. பார்க்கிறவர்களுக்கு அவன் அமைதியான பிள்ளை. நான் தூக்கிப் போவதைப் பார்த்தால் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போன பிள்ளை. இரண்டும் பரவாயில்லை.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஸ்டெல்லா அக்காவிடம் ஒரு ஸ்ட்ரோலர் உண்டு. சபையில் யார் கைக்குழந்தையோடு விமானம் ஏறினாலும் அதுதான் போகும். துபாய், சிங்கப்பூர், ஒரு முறை டொராண்டோ. கைப்பிடியில் விமானத்தில் ஒட்டிய பழைய லக்கேஜ் டேகுகள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக. மதியம் போய்க் கேட்டேன்.

"டேக மட்டும் கிழிச்சிடாத ஷாலினி. இதுல போன ஒரு கொழந்தையும் அழுததில்ல."

"ரெண்டு வயசுக்கு மேல கவுண்டர்லயே வாங்கிப்பாங்களாம் அக்கா."

"யாரு சொன்னா? தள்ளிட்டே போ. யாராச்சும் கேட்டா தூங்கறான்னு சொல்லு. தூங்கற புள்ளய எந்த ஏர்லைன்ஸ்காரன் எழுப்புவான்?" பிறகு ஜோ.வின் கன்னத்தைக் கிள்ளினார். "ஆமா, இவனுக்கு எதுக்குடி இது? சோம்பேறிப் பய. எறக்கி விடு, ஏர்போர்ட்டு தரை வழவழன்னு இருக்கும், தானா ஓடுவான்."

"கூட்டமா இருக்கும்ல" என்றேன்.

வீட்டில் உட்கார வைத்துப் பார்த்தேன். பாதம் தரையில் இழுபடுகிறது. காலை மடக்கி வைத்தால் நழுவுகிறான். ஒரு சால்வையால் இடுப்பைக் கட்டினேன். தூரத்திலிருந்து பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. அவன் முகம் அப்படி இல்லை.

"குட்டி வண்டி" என்றான்.


நவம்பர் 10, திங்கள்

மழை விட்டுவிட்டு. விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. ஜோ. ஜன்னல் வரை தவழ்ந்து போய்ப் பார்த்தான்.

விமான நிறுவனத்துக்குப் பேசினேன். யாரோ ஒரு குழந்தையைப் பற்றிக் கேட்பது போல. மூன்று வயதுக்கு மேல், நடப்பதில் கொஞ்சம் தாமதம் என்றால் விதி என்ன?

எதிர்முனையில் இளம்பெண். "உங்ககூட வர்ற குழந்தையா மேம்?"

"இல்ல. சும்மா ஒரு டவுட்."

"தாமதம்னு ஒரு கேட்டகிரி இல்ல மேம். நடக்கற குழந்தைன்னா ஸ்ட்ரோலர் செக்-இன்தான். நடக்க முடியாதுன்னா அது மருத்துவ உதவி. வயசு பார்க்க மாட்டோம், எடையில சேராது. ரெண்டு பக்கமும் எங்க ஆள் வருவாங்க. முன்கூட்டியே சொல்லணும். டிக்கெட் புக் பண்ணினவங்க மெயிலுக்கு கன்ஃபர்மேஷன் போகும்."

புக் செய்தது பி.

நன்றி சொல்லி வைத்தேன். நடக்கிற, நடக்க முடியாத. நடுவில் ஓர் இடம் இருப்பதாக நினைத்து ஒரு வருடம் அதில் குடியிருந்திருக்கிறோம், வாடகை இல்லாமல்.

ரசம், அப்பளம். ஜோ. அப்பளம் மட்டும்.


நவம்பர் 12, புதன்

ஒத்திகை. ஜோ. இடுப்பில், முதுகில் பை, கையில் மடித்த ஸ்ட்ரோலர். ஹாலிலிருந்து மொட்டைமாடிப் படிக்கட்டு ஏறி. மூன்றாவது படியில் கால் பிசகியது. விழவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். ஜோ. என் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்திருந்தான்.

பத்து நிமிடம் கழித்து விமான நிறுவனத்துக்கு மறுபடி பேசினேன். இந்த முறை வேறு பெண். டிக்கெட் எண் கொடுத்தேன்.

"குழந்தைக்கு தூரமா நடக்க முடியாதா மேம், படி ஏற முடியாதா, இல்ல நடக்கவே முடியாதா?"

"மூணாவது."

"கால் ரெக்கார்ட் ஆகுது மேம். நீங்களே சொல்லிடுங்க."

ஜோ. பக்கத்தில் தரையில், குக்கர் மூடியை ஸ்டியரிங்காக வைத்துக்கொண்டு.

"நடக்க முடியாது" என்றேன். "என் பையனால நடக்க முடியாது."

சின்ன வாக்கியம். நான்கு சொல், வேறொன்றும் இல்லை.

ஜோ. நிமிர்ந்து பார்த்தான். "தவழுவேன்னு சொல்லு."

"தவழுவான்" என்றேன் போனில்.

"அதுக்கு ஆப்ஷன் இல்ல மேம்." தட்டச்சுச் சத்தம். "ரிமார்க்ஸ்ல போடறேன். சொந்தச் சேர் இருக்கா?"

"இருக்கு."

"பேட்டரி?"

"இல்ல. நான்தான் தள்ளணும்."

சிரித்தாள், உடனே மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று தெரியவில்லை.

மாலை பி. பேசினான்.

"வீல்சேர்னு மெயில் வந்திருக்கு."

"ஆமா."

"தப்பா போட்டுட்டாங்களா?"

"நான்தான் சொன்னேன்."

அவன் பக்கம் ஏ.சி.யை அணைக்கும் சத்தம். பிறகு: "தூக்கிட்டு வந்துடலாம்ல? எத்தன பேர் தூக்கிட்டு வர்றாங்க."

"இன்னிக்கு படில விழப் பார்த்தேன். அவனோட."

"அதுக்கில்ல ஷாலு."

"தெரியும். எதுக்குன்னு தெரியும்."

வைத்துவிட்டான். கோபமா, அழுகையா, இங்கிருந்து தெரியாது. ஜோ.வுக்குப் பல் தேய்த்துவிட்டேன்.


நவம்பர் 13, வியாழன்

வெயில். இந்த மாதத்தில் முதல் முறை. துணிகள் அனைத்தும் வெளியே.

விடிந்ததும் போனில் பி.யின் செய்தி. நீளமாக எழுதி அழித்து எழுதியது போல மூன்று துண்டு.

ஏர்போர்ட்ல விசாரிச்சேன்.

சேர்ல வர்றவங்களும் அதே வாசல் வழியாத்தானாம்.

நான் எங்க நிக்கணும்?

டீ ஆறும் வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் எழுதினேன்: கம்பிக்கு முன்னால. கீழ உக்காந்துக்கோ, அவன் கண்ணுக்கு நேரா வரும்.

கட்டைவிரல் வரவில்லை. "சரி" என்று வந்தது.

ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். சக்கரம் நான்கு, திருகாணி ஒரு பொட்டலம், படங்கள் மட்டும் உள்ள ஒரு தாள். இடது சக்கரத்தை முதலில் தலைகீழாக மாட்டினேன். உட்கார வைத்துப் பட்டையைப் போட்டதும் அவன் இரண்டு கையையும் தூக்கினான், எதையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பாதம் பலகையில் சரியாக.

"பெரிய வண்டி" என்றான்.

ஸ்டெல்லா அக்காவின் ஸ்ட்ரோலரைத் துடைத்தேன். டேகுகளைக் கிழிக்கவில்லை. மடித்து, சேரில் கை வைக்கும் கட்டைகளுக்குக் குறுக்கே வைத்தேன்; நான் தள்ள, ஜோ. அதை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். தெருவில் தண்ணீர் முழுக்க வடியவில்லை. பால்காரர் ஒதுங்கி வழிவிட்டார். இஸ்திரி போடுபவர் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு தெரு. அக்கா வீட்டு வாசலில் நிறுத்தி பிரேக் போட்டேன். பெல் அடித்தேன்.