பூட்டிய வீடுகள் இருபத்து மூன்று

ஜவ்வாது மலை,
31.10.2025

அன்புள்ள உங்களுக்கு,

“உனக்கு எதுக்கு இந்த வம்பு?” என்று நேற்று போனில் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் டவர் போய்விட்டது. போகாமல் இருந்திருந்தாலும் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. எனக்கே தெரியவில்லை. அங்கே உங்களோடு வேலை செய்கிற சுரேஷ் விடுமுறை முடிந்து நான்காம் தேதி மஸ்கட் திரும்புகிறான். நடந்ததை மட்டும் எழுதி அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் காரணம் உங்களுக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. போன மழையில் கண்ணமங்கலம் வீட்டின் சமையலறைச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆனந்தி அக்கா வாரம் ஒரு நாள் திறந்து பெருக்குகிறார். எனக்குச் சர்க்கரை பரவாயில்லை. குளிர் ஆரம்பித்துவிட்டது.

இனி வம்பு. வீடு கட்டும் திட்டத்துக்காகப் புங்கமரத்தூரில் எடுத்த கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். எடுத்தவர் ஊராட்சி எழுத்தர் வெற்றிச்செல்வன். வீடுகள் ஐம்பத்தெட்டு. அதில் இருபத்து மூன்றுக்கு எதிரே ‘பூட்டிய வீடு, வெளியேறிய குடும்பம்’ என்று எழுதியிருந்தார். மீதி முப்பத்தைந்து குடும்பத்துக்கும் ஆண்டு வருமானம் எழுபத்திரண்டாயிரம். எல்லோருக்கும் அதே எழுபத்திரண்டாயிரம். புள்ளியியல் படித்தவளால் இப்படி ஓர் ஒற்றுமையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. போய்ப் பார்த்தேன்.

பூட்டிய வீடுகளில் ஆறில்தான் பூட்டு இருந்தது. மற்றவற்றில் கொக்கியில் ஒரு துணி முடிச்சு, அவ்வளவுதான். சாமை முற்றுகிற இரண்டு மாதமும் இவர்கள் குடும்பத்தோடு நிலத்தில் கொட்டாய் போட்டுத் தங்குகிறார்கள். பகலில் கிளி, ராத்திரியில் காட்டுப்பன்றி. காவல் இல்லாவிட்டால் கதிர் மிஞ்சாது. மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வெற்றிச்செல்வன் அந்தச் சமயத்தில், பகல் பதினொரு மணிக்கு வந்து, கதவைப் பார்த்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டு நாள் கொட்டாய் கொட்டாயாக நடந்தேன். பத்தொன்பது குடும்பங்களைப் பார்த்துவிட்டேன். மற்ற நான்கும் ஓடைக்கு அந்தப் பக்கம். தண்ணீர் அதிகம், கடக்க முடியவில்லை.

முதல் கொட்டாயில் இருந்தவர் செல்லியம்மாள். என் வயதுதான் இருக்கும். ஊரில் அவர் வீட்டின் பின்சுவர் விழுந்துவிட்டது, தார்ப்பாய் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அடுத்த பட்டியல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. நான் விஷயத்தைச் சொன்னதும், “இன்னாமா, நாங்க ஊர உட்டுப் போய்ட்டோமா? அத இந்தப் பன்னிங்ககிட்ட சொல்லிட்டுப் போங்க. ராவெல்லாம் நானு கத்துறது மிச்சமாவும்” என்றார். வருமானம் கேட்டேன். “எந்த வருசத்துக்கு? புளி காய்ச்ச வருசமா, காய்க்காத வருசமா?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை என் பேராசிரியர்கள் ஒருவரும் கேட்டதில்லை. அவர் வீட்டுக்காரர் கோபால்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு காவல் பரண்மேல் ஏறிவிட்டார்.

அதிகாரி அருணகிரியிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. எனக்குக் காபி வரவழைத்தார். மேலே அனுப்பிய எண்ணிக்கை முப்பத்தைந்து, இனி மாற்றினால் ஆயிரம் கேள்வி வரும் என்றார். பிறகு, “ஒரு கையெழுத்துதான மேடம். கண்ணமங்கலம் பக்கம் டிரான்ஸ்பர் கேட்டிருக்கீங்க இல்ல, அந்த பைலும் என் டேபிள்லதான் இருக்குது” என்றார். காபியைக் குடித்து முடித்துவிட்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

நாளைக்குப் புங்கமரத்தூரில் கிராம சபை. பட்டியலை அங்கே படித்தாக வேண்டும். எல்லாக் கொட்டாயிலும் வரச் சொல்லியிருக்கிறேன். வருவார்கள் என்று நான் நம்பவில்லை. அறுப்பு நேரத்தில் ஒரு பொழுதை யார் விடுவார்கள்?

ஜனவரியில் நீங்கள் ஒரேயடியாக வரப்போகிறீர்கள். அதற்குள் நான் மலையிலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பதுதான் நம் ஏற்பாடு. இப்போது அது நடக்காது. நீங்கள் நேற்று சொல்லாமல் விட்டதும் அதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கிறேன். கண்ணமங்கலத்தில், ‘பாண்டுரங்கன் இல்லம்’ என்று கிரானைட்டில் பெயர் போட்டு ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு ஒன்று இருக்கிறது. வெற்றிச்செல்வன் அந்தத் தெருவுக்கு வந்திருந்தால் நம்மை என்னவென்று எழுதியிருப்பார்? அது தப்பு என்று நான் எதைக் காட்டி நிரூபிப்பேன்? கொட்டாயில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். காட்ட எதுவும் கிடைக்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. இன்னொரு தடவை அந்தக் காகிதத்தை நீட்டினாலும் இதைத்தான் செய்வேன். சாவி ஆனந்தி அக்காவிடம் இருக்கிறது. அங்கே தனியாக இருக்க வேண்டாம். போளூர் வந்தால் மலை பஸ் கிடைக்கும். என் வாடகை வீடு சின்னதுதான், இரண்டு பேர் இருக்கலாம். கோபம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாருங்கள்.

இப்படிக்கு,
கலைவாணி

1.11.2025, மாலை

கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

நான் பார்த்த பத்தொன்பது குடும்பங்களிலிருந்தும் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், ஆண்கள் காவலுக்கு நின்றுவிட்டார்கள். அருணகிரி முப்பத்தைந்து பெயரைப் படித்துவிட்டுப் பேப்பரை மடித்தார். செல்லியம்மாள் எழுந்து, தன் பெயர் வரவில்லையே என்றார். கணக்கெடுக்க வந்தபோது நீங்கள் ஊரில் இல்லை என்று அருணகிரி சொன்னார்.

“அப்ப பத்து நாளிக்கு முன்ன எங்க கொட்டாய் தேடி வந்து வூட்டு வரி வாங்கினு போனது யாருங்க?” என்று கேட்டுவிட்டு, செல்லியம்மாள் சுருக்குப்பையிலிருந்து ரசீதை எடுத்தார். அதில் வெற்றிச்செல்வனின் கையெழுத்து இருந்தது. “வரி வாங்க மட்டும் வழி தெரியுது இந்த அண்ணனுக்கு” என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். கூட்டம் சிரித்து ஓயச் சற்று நேரம் ஆனது. வெற்றிச்செல்வன் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது பெயரையும் சேர்ப்பது, மற்ற நான்கை நான் நேரில் பார்த்து எழுதுவது என்று தீர்மானம் ஆயிற்று. அருணகிரி கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏறும்போது, “உங்க டிரான்ஸ்பர் பைல திருப்பி அனுப்பிடறேன் மேடம்” என்றார். அனுப்புங்கள் என்றேன்.

ஓடையில் தண்ணீர் வடிந்திருந்தது. நடந்தேன். மூன்று கொட்டாயில் ஆட்கள் இருந்தார்கள். நான்காவதில் யாரும் இல்லை. அந்தக் குடும்பம் உண்மையாகவே குடகுக்கு வேலைக்குப் போயிருக்கிறது. ‘ஆள் இல்லை’ என்றே எழுதினேன். எப்போது வருவார்கள் என்று பக்கத்துக் கொட்டாயில் கேட்டேன். தை மாதம் வந்துவிடுவார்கள் என்றார்கள். படிவத்தில் அதற்கு இடம் இல்லை. ஓரத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.