மெமரியில் உட்கார்ந்த தவளை

12 ஜூலை 1988, செவ்வாய்

என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கல்லூரிக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு தவளை குதிக்கட்டும் என்று நேற்று ஒரு குட்டி புரோகிராமை ஒளித்துவைத்தேன். மெஷினைப் போடும்போதெல்லாம் அது மெமரியில் ஏறி, வெள்ளி வரை சப்பணமிட்டுக் காத்திருக்கும். செருப்பை வெளியே விட வேண்டிய அறைக்குள் தவளையை விட்டவன் நான்.

இன்று மார்க் ஏற்றும் ஸ்டெல்லா அக்கா மூன்று முறை கத்திவிட்டாள். "சார், மறுபடியும் நின்னுடுச்சு. மெமரி பத்தலைங்குது."

"பழைய மார்க்கெல்லாம் ஃபிளாப்பியில அடைச்சுக்கிட்டு இருக்கும்மா. அழிச்சிடுங்க" என்றார் கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளர் சார்.

ஃபிளாப்பி பரண், மெமரி சாப்பாட்டு இலை. பரணைக் காலி செய்தால் இலையில் இடம் வருமா? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. போன வருஷ மார்க் முழுக்கப் போய்விட்டது. அதற்கு வேறு பிரதி கிடையாது.

அவர்கள் டீ குடிக்கப் போனபோது தவளையை எடுத்துவிட்டேன். மெஷின் ஜம்மென்று ஓடியது.

"பாத்தீங்களா, என் வைத்தியத்தை! நாளைக்கு மிச்ச ஃபிளாப்பியையும் அழிச்சிடுங்க" என்றார் திரும்பி வந்த சார்.

"சரிங்க சார்" என்று முசிறி பஸ்ஸுக்கு ஓடினாள் அக்கா.

ஒன்பதுக்கு வந்து அழிக்க ஆரம்பித்துவிடுவாள். எட்டரைக்கே வாசலில் நின்று சொல்லிவிட வேண்டும். அலாரம் வைத்துவிட்டேன். நேரமானால் அதுவாவது வாயைத் திறக்கும். நான்?