பத்து நாள் கூட்டம்

அன்பு மகள் லாரிசாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பாய். என் போனை அம்மாதான் பார்க்கிறாள், அதனால்தான். இங்கே பனி இன்னும் முழங்கால் அளவு கிடக்கிறது. அம்மா வேலை பார்க்கும் வங்கிக் கிளையை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்கள். மேலிடத்திலிருந்து வந்த தாளை நாலு தடவை படித்தேன், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. போனிலேயே எல்லாம் முடிக்கும் வசதி வந்ததால் வங்கிக்குச் செலவு குறைந்து லாபம் கூடிவிட்டதாம், அடுத்த பக்கத்திலேயே நம் ஊர்க் கிளையின் செயல்பாடு மோசமாம். அந்த வசதியை ஊருக்கே சொல்லிக்கொடுத்தது உன் அம்மாதானே. டிராக்டர் கடை பெட்ரோவைக்கூட ஒரு மாதம் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கினாள். எல்லாரும் பழகினார்கள், அதோடு கிளைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். நன்றாகச் சொல்லிக்கொடுத்தது தப்பா, எனக்கு விளங்கவில்லை.

இனிமேல்தான் விஷயம். போன மாதம் கிளை வாசலில் ஆள் எண்ணும் கருவி மாட்டி, பத்து நாள் பார்த்துவிட்டு முடிவு சொல்வோம் என்றார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். அம்மாவுக்குத் தெரியாமல், காபிக் கடையில் அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்து, அந்தப் பக்கம் போகும்போது உள்ளே ஓர் எட்டு நுழைந்துவிட்டு வாருங்கள் என்று கெஞ்சினேன். பனித்தரையைத் துடைப்பத்தால் தேய்த்துத் தேய்த்துக் கல்லை வழுக்கவிட்டு கர்லிங் ஆடுகிற கோஷ்டி, அந்தத் துடைப்பமும் கையுமாக நுழைந்தது. பெட்ரோ ஒரே நாளில் ஆறு தடவை போய்க் காலண்டர் கேட்டிருக்கிறான். “என்ன பெட்ரோ, சுவத்துக்கு ஒண்ணா மாட்டப் போறியா” என்று அம்மா கேட்டாளாம், “உன்னைப் பாக்காம பொழுதே போகல ஒரிசியா” என்றானாம் அந்தப் போக்கிரி. உருளைக்கிழங்கு வைத்த பெரோகிக் கொழுக்கட்டையைத் தட்டில் போட்டுக்கொண்டே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். “பாத்தியா மைரன், ஜனங்க என்னை மறக்கல” என்றாள். எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம்தான் அறிக்கை வந்தது. உள்ளே வந்தவர்கள் நானூறு பேர், நடந்த வேலை முப்பது, கவுண்டர் மிகவும் மந்தம் என்று எழுதிவிட்டார்கள். கவுண்டரில் இருப்பது அவள் ஒருத்திதான். அவள் யாரையும் திட்டவில்லை. “எல்லாரும் ஏதோ வேலையாத்தான் வந்திருப்பாங்க, நான்தான் பேசிப் பேசியே அனுப்பிட்டேன்” என்கிறாள். நேற்று பெட்ரோ நிஜமாகவே ஒரு செக்கோடு போயிருக்கிறான், இரண்டே நிமிஷத்தில் முடித்துக் கொடுத்துவிட்டாளாம், அவன் பெண்டாட்டியின் முழங்கால் வலியைக்கூட விசாரிக்கவில்லை. “உன் வீட்டுக்காரிக்கு என்மேல என்ன கோவம்” என்று என்னிடம் வந்து நிற்கிறான். அவளோ வீட்டுக்கு வந்து, “ரெண்டே நிமிஷம் மைரன், முதல்லயே இப்படி இருந்திருக்கணும்” என்றாள். கூட்டம் நான் சேர்த்தது என்று சொன்னால், ஜனங்கள் மறக்கவில்லை என்ற அந்த ஒரு சந்தோஷமும் போய்விடும். சொல்லாவிட்டால் தன்னால்தான் கிளை போனது என்றே இருப்பாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, பெட்ரோ கடை முகவரிக்குப் போடு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசும்போது சீக்கிரம் வைக்கப் பார்ப்பாள், விடாதே, எதையாவது கேட்டுப் பேச வை.

எதுவும் பிடிபடாத உன் அப்பா,
மைரன்