வண்டியின் பின்னால் வந்த குட்டி

நாரோக்
14 ஜனவரி 1993

ரெசியனின் அப்பாவுக்கு,

நலம். நீங்கள் கொடுத்தனுப்பிய தேயிலையும் சர்க்கரையும் வந்தன. நீங்கள் வரவில்லை. இந்த மழைக்காலமும் போய்விட்டது.

பெட்ரோல் நிலையத்தில் சஃபாரி வண்டி நின்றாலே ரெசியன் ஓடுகிறாள். உங்களைப் போலப் பச்சைச் சட்டை போட்ட எந்த ஓட்டுநரானாலும் அவர் முன்னால் போய், தொட்டு ஆசி சொல்லட்டும் என்று தலையைத் தாழ்த்தி நிற்கிறாள். "அப்பா" என்கிறாள். நேற்று ஒருவர் தொட்டுவிட்டுச் சிரித்தார். "மெதுவாச் சொல்லு தாயி! என் பொண்டாட்டி காதுல விழுந்தா இன்னைக்கு எனக்குக் களி கிடையாது." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கிசுமு மருத்துவமனையில் தாதி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மார்ச்சுக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே ஏரிதான். இந்த வண்டிகள் வருவதில்லை.

சிமலோய்

*

மாரா
2 பிப்ரவரி

சிமலோய்,

நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் ஒரு வரிக்குதிரை குட்டி போட்டிருந்தது. உனக்குத் தெரியும், தன் வரிகளும் வாசனையும் குட்டிக்குப் பழகும்வரை தாய் வேறு எதையும் அருகில் விடாது; விட்டால் குட்டி அதையே தாயென்று நம்பிவிடும். நான் விலகிப் போயிருக்க வேண்டும். வண்டியில் பின்னால் இருந்த சுற்றுலா அம்மாள், "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்களேன், முகமே தெரியல" என்றார். போனேன். தாய் மிரண்டு ஓடியது. வண்டியைத் திருப்பினேன். நடுங்கும் கால்களோடு குட்டி எங்கள் பின்னால் வந்தது. வண்டியில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். "நம்மள அதுக்குப் பிடிச்சுப் போச்சு பாருங்க!"

இன்ஜினை அணைத்தேன். குட்டி சூடான சக்கரத்தோடு ஒட்டி நின்றது.

ரெசியனின் அப்பா

*

நாரோக்
11 பிப்ரவரி

ரெசியனின் அப்பாவுக்கு,

கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "அதோட அம்மா வந்துச்சா? சொல்லும்மா, வந்துச்சா?" தூங்கும்வரை கேட்டாள்.

நீங்கள் அதை எழுதவில்லை. நான் என்ன சொல்லட்டும்?

சிமலோய்

*

மாரா
20 பிப்ரவரி

சிமலோய்,

வந்தது. இரண்டு முறை. தூரத்தில் நின்று கூப்பிட்டது. குட்டி சக்கரத்தை விட்டு நகரவில்லை.

இருட்டுவதற்குள் காட்டைவிட்டு வெளியேறியாக வேண்டும். வண்டியைக் கிளப்பினேன். ஆற்றங்கரை வரைக்கும் குட்டி ஓடி வந்தது. வேகமாக ஓட்டினேன். கண்ணாடியில் பார்க்கவில்லை.

மறுநாள் அங்கே கழுகுகள் இறங்கியிருந்தன.

ரெசியனிடம் நீ எதுவும் சொல்லாதே. நான் சொல்லிக்கொள்கிறேன்.

பச்சைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த சந்தை நாளில் வருவேன். வண்டியில் அல்ல. "இவர்தான் அப்பா" என்று காட்டிக்கொடுக்காதே. அவள் பெட்ரோல் நிலையத்துக்கு ஓடினால் ஓடட்டும், தடுக்காதே. உன் வாசலில் நிற்பேன். கிசுமுவுக்குச் சம்மதம் எழுதிவிட்டாய் என்றால் அங்கேயும் வந்து நிற்பேன்.

அவளாக வந்து தலையைத் தாழ்த்தும்வரை கையை நீட்ட மாட்டேன்.

பார்முவாட்