கோழிக்கொண்டைக்கு அடித்த மருந்து

அன்பு மகள் யோகேஸ்வரிக்கு, சிம்பாங் ரெங்கத்திலிருந்து அப்பா எழுதுவது. மான்செஸ்டர் குளிரில் நீ உடம்பு நோகாமல் இருக்க முருகன் துணை. இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓடவில்லை. அம்மாவுக்கு வெறும் காய்ச்சல் என்று போனில் சொன்னேனே, அது பொய். பதறாதே, பிழைத்துக்கொண்டாள், ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

உன் கல்யாண மேடைக்குக் காய்ந்த பூங்கொத்து வேண்டும் என்று நீ அனுப்பிய கோழிக்கொண்டை விதையைத் தட்டில் தூவி, பூவாளியால் நனைத்து, பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்தாள். பின்வாசல் முழுக்கச் சிவப்பாகக் கொண்டை விரித்து நின்றது. அதில் புழு வந்தது. கையால் பொறுக்கிப் போடலாம், மருந்து வேண்டாம் என்றாள். நான் கேட்டால்தானே. செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும் ஐயாசாமியிடம் கொஞ்சம் வாங்கி, அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அடித்துவிட்டேன், திட்டுவாள் என்று சொல்லவும் இல்லை. மறுநாள் நான் கூலாய் டவுனுக்குப் போயிருந்தேன். கொண்டை இறுகிவிட்டது, விதை உதிரும் முன் அறுக்க வேண்டும் என்று அவளே அறுத்திருக்கிறாள். தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் முன் இலையை உருவ வேண்டும் அல்லவா, உருவிய இலையை உன் அம்மா என்றைக்குக் குப்பையில் போட்டாள், பண்ணைக்கீரை ஜாதிதானே என்று தளிராகப் பொறுக்கிப் பிரட்டிச் சாப்பிட்டுவிட்டாள்.

நான் வந்தபோது சமையலறைத் தரையில் கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, வாயில் நீர் வடிகிறது. வயித்த என்னமோ பண்ணுதுங்க, உங்களுக்குக் கீரை மூடி வெச்சிருக்கேன், சாப்பிடுங்க என்கிறாள். என் ஆயுளில் இப்படிப் பயந்ததில்லை யோகா. மருந்துப் போத்தலைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன், அதனால் சரியான ஊசி போட்டார்கள். அம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. கீரையச் சரியா கழுவலபோல, எங் கைதான் தப்புங்க என்று படுக்கையில் புலம்புகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிடுகிறேன். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இருட்டறையில் தொங்கிய பூவையெல்லாம் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். வந்ததும் பூ எங்கே என்பாள். சொன்னால் திட்டட்டும், அடிக்கட்டும், இனி என் கையால் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பாளா என்றுதான் எனக்குக் கவலை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, கடைக் கீரையை உப்புத் தண்ணீரில் அலசு. அம்மாவிடம் சொன்ன பிறகுதான் இதை அனுப்புவேன். வழக்கம்போல அடியில் அவள் எழுத இடம் விட்டிருக்கிறேன். அது காலியாக வந்தால் போன் போட்டு எனக்காக அவளிடம் பேசு. உனக்கு ஒரு குறையும் வராமல் தெய்வம் காக்கட்டும்.

உன் அப்பா,
கதிரேசு

யோகா, அம்மா எழுதுகிறேன். அப்பா சொல்லிவிட்டார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். விதை இன்னும் கொஞ்சம் அனுப்பு, புழுவை நானே பொறுக்குவேன். அன்றைக்கு மாத்திரை போட வேண்டியிருந்ததால்தான் முதலில் சாப்பிட்டேன். இல்லையென்றால் அவருக்குத்தான் முதலில் பரிமாறியிருப்பேன். அதை நினைத்தால் கண்ணை மூட முடியவில்லை. இதை அவரிடம் சொல்லாதே, கவரை நானே ஒட்டி அனுப்புகிறேன்.

அம்மா கோமளா